தயிர்ச் சட்டிக்கு ஓர் இருக்கை

பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்த முதல் வாரம், புவியியல் ஆசிரியை எங்களை ஒவ்வொருவராக எழுப்பி அவரவர் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் குளத்தைச் சொன்னேன். வயலையும் எருமைகளையும் சொன்னேன். காட்டோரத்துப் பிள்ளையார் கோயிலையும் விடவில்லை.

"ஊரில எத்தனை பேர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"தெரியாது ரீச்சர்."

"ஏறக்குறையச் சொல்லுமன்."

"ஏறக்குறையவும் தெரியாது."

வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்காமல் நிமிர்ந்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்குள் காலடி வைத்தவள் நான்தான். யார் சிரித்தாலும் நிமிர்ந்து நிற்பது என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே தீர்மானித்திருந்தேன்.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஆட்களை எண்ண மாட்டார்கள். மாட்டை எண்ணுவார்கள், நெல் மூட்டையை எண்ணுவார்கள். பிள்ளைகளை எண்ணினால் கண்ணூறு பட்டுவிடும். ஒரு தாயிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "கிடக்குதுகள் கொஞ்சம்" என்பாள். ஊர் அதிகாரியான விதானையார் கொப்பியோடு வந்து கட்டாயமாகக் கேட்டால், ஒன்றிரண்டைக் குறைத்துச் சொல்வாள். குறைத்துச் சொன்ன பிள்ளைக்கு ஆயுள் கெட்டி என்று நம்பிக்கை. நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை விதானையார் எங்கள் வாசலில் நின்று கேட்க, அம்மா தம்பி தங்கைகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். குசினிக்குள் நின்ற நான் வெளியே ஓடி வந்து, "அம்மா, அப்ப நான்?" என்று கத்தினேன்.

"உள்ளுக்குப் போடி!" என்று அம்மா அகப்பையை ஓங்கினார். விதானையாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா என்னைத்தான் எல்லோரையும் விடக் கூடப் பாதுகாக்க நினைத்திருக்கிறார் என்பது அந்த வயதில் விளங்கவில்லை. பல நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

இந்தப் பழக்கத்தால் எங்களுக்கு ஒரு கெடுதல்தான் வந்தது. ஊருக்கு ஒரு பஸ் வேண்டும் என்று ஆண்கள் இரண்டு மூன்று பேர் வேட்டி கட்டிப் பட்டினத்துக்குப் போய் டிப்போவில் கேட்டார்கள். "உங்கட ஊரில சனம் காணாது" என்று விதானையாரின் கணக்கைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிலாவெளிப் பக்கமாகப் பட்டினத்திலிருந்து வடக்கே வரும் பெரிய வீதியில் பஸ் ஓடியது. கடற்கரையில் இருக்கும் இறக்கக்கண்டிச் சனங்கள் வீட்டு வாசலில் நின்று கைகாட்டி ஏறுவார்கள். எங்கள் ஊர் அந்த வீதியிலிருந்து உள்ளே, பற்றைக்காடும் வயலும் தாண்டி, நாலு மைல் கட்டை தூரத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் பெரிய வீதிக்கு நடந்து வந்து பஸ் பிடிக்க வேண்டும். காட்டுப் பக்கம் யானை இறங்கும். அதனால் அப்பா ஒவ்வொரு நாளும் விடியமுன்னரே என்னோடு சந்திவரை நடந்து வந்து, என்னை ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய்த்தான் வயலில் இறங்குவார். பின்னேரமும் அதே நடை. அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் புத்தகப் பையை நான் சுமக்க விடமாட்டார். வழி முழுக்க அது அவருடைய தோளில்தான் தொங்கும்.

நான் பெரிய பிள்ளையானதும் பிரச்சினை வந்தது. சடங்கு முடிந்து, சொந்தக்காரர் எல்லாம் போன பிறகு, அம்மாவின் தம்பியான மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கதையைத் தொடங்கினார்.

"அத்தான், இனிக் காட்டு வழியால பிள்ளையை நடத்திக்கொண்டு திரியிறது சரியில்லை. படிச்சது காணும்."

"படிக்கிற பிள்ளையை எப்பிடி மறிக்கிறது?"

"பட்டினத்தில, லிங்கநகரில எங்கட ஆக்கள் இருக்கினம்தானே. அங்க விடுங்கோ."

"அந்த வீட்டில அவையளுக்கே பாய் விரிக்க இடமில்லை. அங்க போனாப் பிள்ளை படிக்கிறதோ, சட்டி பானை கழுவுறதோ?"

"அப்ப வீட்டில இருக்கட்டும்."

அப்பா மூலையில் கிடந்த என் புத்தகப் பையைப் பார்த்தார். பிறகு, "பஸ் வந்தா?" என்று கேட்டார்.

மாமா சிரித்தார். "பஸ் வந்தாப் போகட்டும். நானே ஏத்தி விடுறன். வாற பஸ்ஸைக் காட்டுங்கோவன் பாப்பம்!"

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் அப்பா. அந்த ஆண்டின் கடைசித் தவணை முடிவதற்குள் பஸ் வராவிட்டால் என் படிப்பு நின்றுவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அப்பா டிப்போவுக்குத் தனியாகவே நடந்தார். பலமுறை நடந்தார். அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தோ என்னவோ, ஒருநாள் அங்கிருந்து ஒரு பெரியவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

வீதியைப் பார்த்தார். "கிறவல் போடவேணும்" என்றார். கோயிலடியில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். "பஸ் திரும்ப இடம் காணாது" என்றார். கோயிலுக்குப் பக்கத்து வளவு என் பெரியம்மாவுடையது. அம்மாவின் அக்கா. எருமை வளர்த்துத் தயிர் விற்றுப் பிழைத்தவர். வேலிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "எவ்வளவு இடம் வேணும் ஐயா?" என்று கேட்டார். ஜீப்பில் வந்தவர் கையால் ஒரு வட்டம் காட்டினார். மறுநாள் காலையில் பெரியம்மா தன் வேலிக் கதியால்களைத் தானே பிடுங்கி, உள்ளே தள்ளி நட்டார். ஒரு முருங்கை மரம் போயிற்று. "மரம் பேந்து முளைக்கும்" என்றார்.

ஜீப்பில் ஏறும்போது அந்தப் பெரியவர் சொன்னது இதுதான்: "மாரி முடியுமட்டும் விட்டுப் பாப்பம்."

இந்த வசனத்தை எங்கள் ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதில்தான் பின்னால் வந்த எல்லாமே தங்கியிருந்தது. மாரி முடியும்வரை பார்க்கப்போகிறார்கள் என்றால், மழைக்கு வீதி தாங்குகிறதா என்று பார்க்கப்போகிறார்கள். வேறு என்னத்தைப் பார்க்க? ஊர் முழுவதும் சிரமதானம் செய்தது. பெண்கள் ஓலைக் கடகத்தில் கிறவல் மண் சுமந்தார்கள். ஆண்கள் மதகைக் கட்டினார்கள். மாமாகூட மண்வெட்டி பிடித்தார். பிடித்துக்கொண்டே, "பஸ் வராது, இது மாட்டுவண்டிக்காவது உதவும்" என்று சொன்னார்.

பஸ் வந்தது.

சிவப்புப் பஸ் கோயிலடியில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி நின்றபோது, அதன் நெற்றியில் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார்கள். முதல் நாள் ஊரே ஏறியது. சந்திவரை போய் இறங்கி, சிரித்துக்கொண்டே நடந்து திரும்பினார்கள். மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் பையை வாங்கி, முன்னால் மதகுருமாருக்கு என்று எழுதியிருந்த இருக்கைக்கு அடுத்ததில் வைத்து, "இது இனிப் பிள்ளையின்ர சீற்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

ஊர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இரண்டாம் நாள் அந்த இருக்கையில் வேறு யாரும் இருக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்து இருக்கையிலும் ஆளில்லை. மாரி தொடங்கி விதைப்பு வேலையும் வந்தபின், கோயிலடியில் ஏறுவது நான் ஒருத்தி மட்டும்தான். சந்திக்கு வந்து பெரிய வீதியில் ஏறிய பிறகுதான் மற்றச் சனம் வரும். காலையில் மட்டும்தான் பஸ்; பின்னேரம் பழையபடி அப்பாவோடு நடந்து வருவதை, சொன்ன சொல்லுக்காக மாமா பொறுத்துக்கொண்டார்.

எனக்கு அது பிடித்திருந்தது. வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக, முழுப் பஸ்ஸிலும் நான் ஒருத்தி. யன்னலால் பார்த்தால் நேற்றுவரை நான் நடந்த வழி காலுக்குக் கீழே ஓடும். கொண்டக்டர் கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர். கலியாணம் முடித்துப் புதிது. எப்போதும் பகிடி.

"என்ன புள்ள, ஒங்கட ஊர்ல ஆக்களே இல்லையா?" என்பார். "எங்கட ஊர்ல பாதை கரைக்கு வர முந்தியே சனம் பாஞ்சு ஏறும். இங்க நீ ஒராள். ராணி மாதிரி வாறாய்."

பாதை என்று அவர் சொன்னது கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையை. ராணி என்ற சொல்லை நான் உள்ளுக்குள் வைத்துக்கொண்டேன்.

மழை பெய்து வெளித்த காலைகளில் வழியில் அப்பாவைக் காண்பேன். இரவு பெய்த மழையில் வந்த குழிகளுக்கு விடியவே கிறவல் போட்டுக்கொண்டு நிற்பார். பஸ் கிட்ட வரும்போது வீதியை விட்டுக் கீழே இறங்கி, மண்வெட்டியை நட்டுப் பிடித்து, தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். கோயில் தேர் போகும்போது நிற்பது போல. பஸ் அவரைத் தாண்டியதும் பெரியம்மாவைக் காண்பேன். வைக்கோல் சுற்றிய தயிர்ச் சட்டிகளைக் கடகத்தில் அடுக்கித் தலையில் வைத்து, சந்திக் கடைக்கு நடந்துகொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் கீரைக் கட்டோடு ஒருத்தி, விறகோடு ஒருத்தி. எல்லோரும் ஓரத்துக்கு விலகி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பஸ் திரும்புவதற்கு நிலம் கொடுத்த பெரியம்மா ஒரு நாளும் அதில் ஏறவில்லை என்பது எனக்கு ஏனோ உறைக்கவே இல்லை.

மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் கொண்டக்டர் பகிடி விடவில்லை. டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லோணும். இது சரிவராது போல இரிக்கு."

"என்னது?"

"டிப்போக் கந்தோர்ல டிக்கெட்டத்தான் பாக்கிறாங்க. மாரி முடிய செக்கர் வருவார். அண்டைக்கும் நீ ஒராள்தான் எண்டா, இந்த பஸ்ஸ வேற ரோட்டுக்கு மாத்திப் போடுவாங்க."

"றோட்டு நல்லாத்தானே கிடக்கு! அப்பா ஒவ்வொரு நாளும் கிறவல் போடுறார்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. "ரோட்ட ஆரு புள்ள பாத்தான்? சனம் ஏறுதா எண்டு பாக்கத்தானே விட்டது."

அன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னேன். அப்பா, அம்மா, பெரியம்மா, மாமா எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள்.

"நாங்கள் ஏறினாப் பாரம் கூடும் பிள்ளை," என்றார் அப்பா. "றோட்டு இப்பதான் இறுகுது. பாரம் ஏறினாக் குழி விழும். குழி விழுந்தா பஸ் நிண்டுபோம்."

"குழியை ஒருத்தரும் பாக்கேல்லை அப்பா! ஆக்களைத்தான் பாக்கினம்."

"நீ போறாய்தானே."

"நான் ஒராள் காணாது!"

நான் பெரியம்மாவின் பக்கம் திரும்பினேன். "நீங்களாவது ஏறக்கூடாதோ? எவ்வளவு தூரம் சட்டியோட நடக்கிறியள்."

பெரியம்மா வாய்க்குள் சிரித்தார். "நல்ல கதை. நான் சட்டியோட ஏற, உவன் சாரதி மதகடியில ஒரு குலுக்குக் குலுக்க, தயிர் பறக்க, உன்ர வெள்ளைச் சட்டை என்னத்துக்காகும்? எங்கட பரம்பரையில வெள்ளைச் சட்டை போட்டுப் படிக்கப் போறவள் நீ ஒருத்தி. மாட்டு மணத்தோட நாங்கள் உனக்குப் பக்கத்தில வந்து குந்துறதோ?"

"ஆர் பெரியம்மா அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எங்களுக்குத் தெரியாதே?"

இவ்வளவு நாளும் ஓரத்துக்கு விலகி நின்று அவர்கள் சிரித்த சிரிப்பின் பொருள் அப்போதுதான் விளங்கியது. ஊர் எனக்காகப் பஸ்ஸை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த அன்பாலேயே பஸ் கைவிட்டுப் போகப்போகிறது.

அம்மாவுக்கு வேறு பயம். "ஆக்களைப் பாக்கிறதெண்டா, எண்ணுவாங்களோ?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்களை எண்ணமாட்டினம் அம்மா. டிக்கெட்டை எண்ணுவினம். கடதாசித் துண்டை."

"கடதாசியை எண்ணினாப் பரவாயில்லை," என்று அம்மா மூச்சுவிட்டார்.

மாமாதான் விடவில்லை. "கொண்டக்டர் தன்ர கணக்குக்கு ஆள் பிடிக்கிறான். உதை நம்பிக்கொண்டு சும்மா ஏறி இறங்கித் திரியிறதே? விட்ட பஸ்ஸை ஆர் நிப்பாட்டுவான்?"

அதற்குமேல் அங்கே யாரையும் அசைக்க ஏலாது என்று தெரிந்தது. நான் நித்திரைக்குப் போகுமுன் பெரியம்மாவின் வளவுக்குப் போய், காலையில் அவர் சுமக்கும் கடகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பஸ் கோயிலடியில் திரும்பிப் புறப்படுவதற்கு முன்பே பெரியம்மா புறப்படும் நேரத்துக்கு நான் போய் நின்றேன். கடகத்திலிருந்து ஒரு சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"என்னடி செய்யிறாய்? வை அதை!"

"நானும் நடந்துதான் வாறன்."

"உனக்கு விசரே?"

"நீங்கள் ஏறாட்டி நானும் ஏறன்."

அவர் திட்டினார். நான் நடந்தேன். கீரைக்காரியும் விறகுக்காரியும் ஒன்றும் விளங்காமல் பின்னால் வந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. ஓரத்துக்கு விலகாமல் வீதியின் நடுவிலேயே நான் நடக்க, பஸ் எனக்குப் பின்னால் ஊர்ந்தது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, எங்களோட கோவமா?"

"பெரியம்மா ஏறினாத்தான் நான் ஏறுவன்."

"உம்மா, ஏறுங்களேன்!" என்று அவர் பெரியம்மாவைக் கும்பிட்டார். "வெறும் பஸ்ஸக் கொண்டு போனா என்னயும் சேத்து இறக்கி விட்டுருவாங்க!"

"தம்பி, நீ உந்தப் பிள்ளையைப் பிடிச்சு ஏத்து. நான் நடக்கிறனான், எனக்குப் பழக்கம்."

"அவ ஏற மாட்டாவாம்."

சாரதி ஹோர்னை அழுத்தினார். பெரியம்மா நடையைக் கூட்டினார். நானும் கூட்டினேன். பஸ்ஸும் கூட்டியது. வயலில் நின்ற ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழி மூடிக்கொண்டிருந்த அப்பா வழக்கம்போல வீதியை விட்டு இறங்கித் துண்டை எடுத்தவர், முன்னால் நான் சட்டியோடும் பின்னால் பஸ்ஸோடும் வருவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, பள்ளிக்கூடம் பிந்தப்போகுது!" என்றார்.

"பிந்தட்டும்!"

பிந்தும் என்ற அந்த ஒரு சொல்தான் பெரியம்மாவை மடக்கியது. "இவள் ஆரின்ர பிடிவாதத்தில வந்து பிறந்தவளோ!" என்று கடகத்தோடு திரும்பி, பஸ் படியில் காலை வைத்தார். "ஏறடி! ஏறித் துலை! உங்களைத்தான் பிள்ளையள், நீங்களும் ஏறுங்கோடி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

விறகு ஏறியது, கீரை ஏறியது. கொண்டக்டர் மணியை அடித்த வேகத்தில் கயிறு அறுந்திருக்க வேண்டும்.

மதகடியில் பெரியம்மா சொன்னது நடந்தது. ஒரு குலுக்கு. என் மடியில் இருந்த சட்டியின் வாழையிலை விலகி, தயிர் என் சட்டையில் கொட்டியது. பெரியம்மாவின் முகம் அழுவதுபோல் கோணியது. "நான் சொன்னனான். நான் சொன்னனான் எல்லே. கேட்டியே நீ?"

நான் விரலால் வழித்து வாயில் வைத்தேன். "புளிக்கேல்லைப் பெரியம்மா. நல்ல தயிர்."

முதலில் சிரித்தது சாரதி. பிறகு எல்லோரும். அன்று வெள்ளைச் சட்டையில் பெரிய கறையோடுதான் வகுப்புக்குள் போனேன். என்ன அது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்கட ஊர்த் தயிர்" என்று சொன்னேன். வேறு எந்த நாளிலும் நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

பெண்கள் ஏறத் தொடங்கினால் போதும். அடுத்த நாள் அவர்களே வந்தார்கள். தலைச்சுமை இறங்கிய கழுத்துக்கு என்ன சுகம் என்று தெரிந்த பிறகு யார் நடப்பார்கள்? சந்தையன்று நெல் மூட்டையும் ஏறியது. மாமா ஒருநாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பின் வாசலால் ஏறினார். "ஏன் மாமா, சும்மா ஏறி இறங்கித் திரியிறியளோ?" என்று நான் கேட்டேன். "வாயை மூடடி. முழங்கால் நோ," என்றார். ஆனாலும் பஸ் நிறைந்தது என்று சொல்ல ஏலாது. வயல் வேலை நேரம், சின்ன ஊர். சில காலைகளில் பாதி இருக்கை சும்மா கிடந்தது. அப்பா மட்டும் குழியை விட்டு வரவில்லை. றோட்டையும் ஒருவர் பார்க்கத்தானே வேண்டும் என்றார்.

மழை வெளித்த ஒரு காலையில் பஸ் கோயிலடியில் வட்டம் அடித்து நின்றபோது, முன்னால் காக்கிச் சட்டையோடு ஒருவர் இருந்தார். கொண்டக்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார். செக்கர்.

அன்றைக்கென்று பெரியம்மாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் நின்றார்கள். நான் அப்பாவைத் தேடினேன். கோயில் மூலையில் குழிக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவர்தான். இண்டைக்குத்தான்."

அப்பா பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்வெட்டியைப் பெரியம்மாவின் வேலிக்கு மேலால் உள்ளே எறிந்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, வயலில் மாடு கூப்பிடும் குரலில், "எணை! பிள்ளையளையும் கொண்டு வா! கெதியா!" என்று கத்தினார்.

அம்மா வந்தார். ஒரு கையில் தங்கை, இடுப்பில் ஒன்று, பின்னால் மூக்கு வடிய மற்றவர்கள். வழியில் இருந்த வீடுகளிலும் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். விஷயம் வேலிக்கு வேலி பாய்ந்தது. சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சேலையைச் சுற்றிக்கொண்டே ஒருத்தி ஓடி வந்தாள். பல்லுத் துலக்கிய வேப்பங்குச்சியோடு மாமா வந்தார். பஸ் நிறைந்தது.

செக்கர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"எங்கயம்மா போறியள்?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, "பட்டினத்துக்கு. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் பாக்க," என்றார். அது அந்த நிமிடம்வரை யாருமே யோசிக்காத பயணம்.

"சின்னாக்களுக்கு அரை டிக்கெட். எத்தனை பிள்ளையள் உங்களுக்கு?"

பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கேள்வி கேட்டுவிட்டான் மனிதன்! அம்மாவின் உதடு அசைந்து நின்றது. "கிடக்குதுகள்..." என்று தொடங்கினார். பிறகு அந்த மனிதரின் கையில் இருந்த டிக்கெட் கட்டைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு, உரத்து எண்ணினார். ஒன்றையும் குறைக்கவில்லை. கடைசியாக என் தோளில் கையை வைத்து, "இவளோட சேத்து" என்றார். முழுத் தொகையையும் சொன்னார்.

எங்கள் ஊரில் ஒரு தாய் வெளியாள் ஒருவருக்கு அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

செக்கர் தலையாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். என்னுடைய இருக்கையில் பெரியம்மாவின் தயிர்ச் சட்டி இருந்தது. பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நானும், சேற்றுக் காலோடு அப்பாவும் நின்றோம்.

"என்ன அம்மா இது? படிக்கிற பிள்ளை நிக்குது, சட்டி இருக்குது?"

"சட்டி உடையும் ஐயா," என்றார் பெரியம்மா. "அவள் உடையாள்."

செக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொண்டக்டரிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பின்னேரமும் ஒரு பஸ் விடவேண்டி வரும் போல கிடக்கு."

பின்னேர பஸ் வர இன்னும் இரண்டு மாரி பிடித்தது. ஆனால் காலைப் பஸ் அதற்குப் பிறகு ஒருநாளும் வேறு வீதிக்குப் போகவில்லை. அன்று என் குடும்பம் முழுவதும் பள்ளிக்கூட வாசல்வரை வந்தது. அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, உள்ளே ஓடும் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல கட்டடம்" என்றார். பிறகு இவ்வளவு நேரமும் தன் தோளில் தொங்கிய என் பையைக் கழற்றித் தந்தார்.

என் தங்கை இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளோடு ஊரிலிருந்து இன்னும் பல பெண் பிள்ளைகள் போகிறார்கள். நான் படிப்பு முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். சம்பளம் எடுக்கப் பட்டினத்துக்குப் போகும் நாட்களில் காலைப் பஸ்ஸில் ஏறுவேன். இருக்க இடம் கிடைப்பதில்லை. முன்னுக்கு, மதகுருமாருக்கு அடுத்த இருக்கையில், வைக்கோல் சுற்றிய சட்டிகள் இருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் யாராவது அதை இறக்கச் சொல்லிக் கேட்டால், பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் அவர்களோடு சண்டைக்குப் போவார்கள்.